லோ பிரஷரா? முதலில் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

"அண்ணாச்சி, அம்மைக்கு லோ பிரஷராம். ஏத்துறதுக்கு ஏதாவது மாத்திரை குடுங்க" என்று கேட்டு வருகிறவர்களைத் திருநெல்வேலிப் பக்கம் எந்த மருந்துக்கடையிலும் பார்க்கலாம். "அம்மை வேற என்னென்ன மாத்திரை சாப்பிடுதாவ?" என்று திருப்பிக் கேட்டால்தான் பட்டியல் வெளியே வரும். பிரஷருக்கு ஒன்று, கால் வீக்கத்துக்கு நீர் பிரிய ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று, ராத்திரி தூக்கத்துக்கு ஒன்று. பல நேரம் தலைச்சுற்றலுக்குக் காரணம் அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கும். பிரஷரை இறக்க ஒரு மாத்திரை, இறங்கியதை ஏற்ற இன்னொரு மாத்திரை என்று இரண்டுக்கும் காசு கொடுக்கிற குடும்பங்கள் நிறைய.

வீட்டில் ஒருவருக்குப் புதிதாக லோ பிரஷர் என்று சொல்லிவிட்டார்கள், அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னையிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள அப்பா அம்மாவைப் போனிலேயே கவனித்துக்கொள்கிற பிள்ளைகளுக்கும் உதவும். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதைச் சேர்ப்பது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். அவர் சரியாக முடிவெடுக்க நீங்கள் கையில் என்ன கொண்டுபோக வேண்டும், எங்கெங்கே காசு மிச்சமாகும் என்பதுதான் இங்கே விஷயம்.

முதல் வேலை: நிஜமாகவே லோ பிரஷர்தானா?

பொதுவாக 90/60-க்குக் கீழே போனால் லோ பிரஷர் என்பார்கள். ஆனால் ஒல்லியான இளம்பெண்கள் சிலருக்கு எப்போதுமே 90/60-ஐ ஒட்டித்தான் இருக்கும். தலைச்சுற்றல் இல்லை, மயக்கம் இல்லை, வேலை ஓடுகிறது என்றால் அது அவர்கள் உடம்பின் வாகு. அதற்கு மருந்து வேண்டாம், பயமும் வேண்டாம். அதே சமயம், வழக்கமாக 150 இருக்கிற பெரியவருக்கு திடீரென்று 105 காட்டினால், அது 90-க்கு மேலேதான் இருக்கிறது என்று சும்மா விடக்கூடாது.

அளக்கிற விதத்திலேயே தப்பு நடக்கும். கையில் சுற்றுகிற பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் அளவு குறைவாகக் காட்டும். எழுபது வயது ஆச்சியின் மெலிந்த கையில், தடித்த கைக்கான பட்டையைச் சுற்றி அளந்துவிட்டு, 'லோ பிரஷர்' என்று சீட்டில் எழுதிவிடுவதுண்டு. மெஷின் வாங்கும்போதே கையின் சுற்றளவைச் சொல்லி வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டுகிற மெஷினைவிட மேல்கையில் கட்டுவதே நம்பகமானது.

முக்கியமான அளவு நின்றுகொண்டு எடுப்பது. இதை வீட்டிலேயே செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை அளக்கவேண்டும். பிறகு எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அளக்கவேண்டும். பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ இறங்கினால், எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்குகிறது என்று அர்த்தம். உட்கார வைத்து மட்டும் அளந்தால் இது பிடிபடாது. "உட்காந்திருக்கப்ப 130 இருக்கே, நல்லாத்தான இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்து பாத்ரூமுக்கு எழுந்ததும் விழுவார்கள்.

சர்க்கரை நோயாளி என்றால் மயக்கம் வரும்போது சர்க்கரையையும் சேர்த்துப் பாருங்கள். சர்க்கரை இறங்கினாலும் வியர்வை, கிறுகிறுப்பு, நடுக்கம் எல்லாம் வரும். இரண்டையும் வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒரு வாரத்து அளவுகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். நேரம், படுத்தா நின்றா, மாத்திரை சாப்பிட்டு எவ்வளவு நேரம், தலை சுற்றியதா என்பதெல்லாம் அதில் வேண்டும். மருத்துவருக்குப் பெரிய பரிசோதனை ரிப்போர்ட்டைவிட இந்த நோட்டு உதவும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், பேச்சுக் குழறல், கை கால் சில்லிட்டு வியர்ப்பது, காய்ச்சலோடு பிரஷர் இறங்குவது, ஆள் குழம்பிப் பேசுவது, ரத்த வாந்தி, கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மலம் தார் மாதிரிக் கறுப்பாகப் போனாலும் அப்படித்தான். வலி மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட்டு வயிற்றில் புண்ணாகி, ரத்தம் உள்ளேயே கசிந்து பிரஷர் இறங்குவது அபூர்வம் இல்லை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதால், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மயங்கியவரை மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவில்லாதவர் வாயில் சோடாவோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றவே கூடாது.

மாத்திரைப் பை

இதுதான் பெரிய வேலை. பாயை விரித்து, வீட்டில் அந்த ஆள் சாப்பிடுகிற எல்லாவற்றையும் கொட்டுங்கள். பீரோ மேல் உள்ளது, தலையணைக்கடியில் உள்ளது, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பது, கைப்பையில் சுருட்டிய காகிதம் எல்லாம் வரவேண்டும். சொட்டு மருந்து, லேகியம், சூரணம், பக்கத்து வீட்டு மதினி 'இது நல்லாக் கேக்கும்' என்று கொடுத்த இரண்டு மாத்திரை எல்லாமே கணக்கில் சேரும்.

இப்போது ஒவ்வொரு மாத்திரைப் பட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்கு மேலோ கீழோ சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அந்தச் சின்ன எழுத்தை எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுதி முடித்தபின் ஒரே பெயர் இரண்டு முறை வருகிறதா என்று தேடுங்கள்.

வரும். எப்படி என்று சொல்கிறேன். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் அதே பெரியவர் ஜங்ஷன் பக்கம் தனியார் டாக்டரிடமும் காட்டுகிறார். அங்கே ஒரு பிரஷர் மாத்திரை எழுதிக்கொடுக்கிறார்கள். வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்கு அங்கே எழுதியது தெரியாது, அந்த டாக்டருக்கு வீட்டுக்கு வருவது தெரியாது. பெரியவர் இரண்டையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார். அம்லோடிபின் ஒரு பட்டையில் தனியாகவும், இன்னொரு பட்டையில் டெல்மிசார்டனோடு சேர்ந்தும் இருக்கும். பெயருக்குப் பின்னால் 'ஏ.எம்.', 'ஹெச்' என்று எழுத்துகள் வந்தால், அது இரண்டோ மூன்றோ மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரையாக இருக்கக்கூடும். 'ஏ.எம்.' பெரும்பாலும் அம்லோடிபினையும், 'ஹெச்' நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயாசைடையும் குறிக்கும். அந்த எழுத்தைக் கடையில் சொல்லாமல் விட்டுவிட்டால் வேறு மாத்திரை கைக்கு வந்துவிடும்.

அடுத்து, பிரஷரை இறக்கக்கூடிய மருந்துகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். அம்லோடிபின், எனலாபிரில், டெல்மிசார்டன், அட்டெனோலால், மெட்டோபுரோலால் எல்லாம் பிரஷருக்கென்றே கொடுப்பது. அது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது மற்றவை. பெரிய ஆண்களுக்குச் சிறுநீர்ச் சிக்கலுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின், பிரசோசின் ஆகியவை எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கும். பிரசோசினின் முதல் மாத்திரையிலேயே மயங்கியவர்கள் உண்டு. அதனால்தான் முதல் வேளையைப் படுக்கப்போகும்போது சாப்பிடச் சொல்கிறார்கள். கால் எரிச்சலுக்கும் தூக்கத்துக்கும் தருகிற அமிட்ரிப்டிலின், நடுக்குவாதத்துக்கான லீவோடோபா, நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் வைக்கிற நைட்ரேட், கால் வீக்கத்துக்கான ஃபுரோஸமைடு, சர்க்கரைக்கு இப்போது அதிகம் எழுதப்படும் டாபாகிளிஃபுளோசின் எல்லாவற்றுக்கும் குறி போடுங்கள். இடைச்செருகலாக ஒன்று: டாம்சுலோசின் சாப்பிடுகிறவர் கண்புரை ஆபரேஷனுக்குப் போனால் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். கண்மணி சரியாக விரியாமல் ஆபரேஷன் நடுவில் சிக்கல் தரும்.

கூச்சத்தால் சொல்லாமல் விடுகிற ஒரு மாத்திரை உண்டு: ஆண்மைக்கென்று சீட்டில்லாமல் வாங்கும் சில்டெனஃபில். நெஞ்சுவலிக்கு நைட்ரேட் சாப்பிடுகிறவர் இதைத் தொட்டால் பிரஷர் ஒரேயடியாக விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த டடாலஃபிலின் வேலை இரண்டு நாள்வரை உடம்பில் இருக்கும். நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வெட்கப்படாமல் டாக்டர் காதில் சொல்லிவிடவேண்டும்.

மூட்டுவலிக்குப் பொட்டலம் கட்டித் தருகிற இடங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். பெயரில்லாத வெள்ளை மாத்திரை, இரண்டு நாளில் வலி பறந்துவிடும், முகம் உப்பும். அப்படி இருந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு ஒரு நாள் திடீரென்று நிறுத்தினால், உடம்பு தானாகச் சுரக்கவேண்டியதைச் சுரக்க மறந்திருக்கும். பிரஷர் இறங்கும், வாந்தி வரும், ஆள் சுருண்டுபோவார். ஆகவே பொட்டலத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அதையும் எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டி, படிப்படியாகக் குறைக்க வழி கேளுங்கள்.

மற்ற மாத்திரைக்கும் இதே கதைதான். பட்டியலைப் பார்த்ததும் நீங்களாக எதையும் நிறுத்தக் கூடாது. அட்டெனோலால், மெட்டோபுரோலால் மாதிரி மருந்துகளைச் சட்டென்று விட்டால் நெஞ்சு படபடத்து மாரடைப்புவரை போகலாம். பட்டியலோடு டாக்டரிடம் போய், "ஐயா, இதுல எது பிரஷர இறக்குது? எதக் குறைக்கலாம்? ரெண்டு சேர்ந்திருக்கா?" என்று கேளுங்கள். மூன்று கேள்விதான். அவர் ஒன்றைக் குறைத்தால் அதுவே வைத்தியம், அதற்குச் செலவு இல்லை.

ஏற்றுகிற மாத்திரை எழுதினால்

மற்ற வழிகளெல்லாம் பார்த்து, அதற்கும் அடங்காதவர்களுக்குத்தான் இது. அதிகம் எழுதப்படுவது இரண்டு: ஃபுளூட்ரோகார்டிசோன், மிடோட்ரின்.

மிடோட்ரின் சாப்பிட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. படுத்தால் பிரஷர் அளவுக்கு மீறி ஏறும். கடைசி வேளை மாத்திரைக்கும் படுக்கைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். 'காலை, மதியம், இரவு' என்று கடைக்காரர் வழக்கம்போல் கவரில் கோடு போட்டுக் கொடுத்துவிட்டால் நின்று கேளுங்கள். கடைசி வேளை சாயங்காலத்தோடு முடியவேண்டும். மதியம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்கிற பழக்கம் உள்ளவர் அதையும் டாக்டரிடம் சொல்லவேண்டும். தலையில் அரிப்பு, மயிர்க்கூச்செறிவு வருவது இந்த மருந்தின் குணம், பயப்பட வேண்டாம். சிறுநீர் அடைத்துக்கொண்டால் மட்டும் உடனே போகவேண்டும்.

ஃபுளூட்ரோகார்டிசோன் உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். கால் வீங்கலாம், எடை கூடலாம், ரத்தத்தில் பொட்டாசியம் குறையலாம். அதனால் டாக்டர் சொல்கிற நாளில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். இதைத் திடீரென்று நிறுத்துவதும் கூடாது. இந்த மருந்து சாப்பிடும்போது இருமலுக்கு அதிமதுரம் சுவைப்பது, அதிமதுரக் கஷாயம் குடிப்பது வேண்டாம். அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைக்கிற ஜாதி. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தடுமாறும்.

சளி பிடித்தால் கடையில் கேட்டு வாங்குகிற மூக்கடைப்பு மாத்திரைகள் சில பிரஷரை ஏற்றும். மிடோட்ரினோடு அது கூடவே கூடாது. "ஏற்கெனவே மிடோட்ரின் சாப்பிடுதாவ" என்று கடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நாட்டு மருந்து, விரதம், வெயில்

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் நம்மிடையே நிறைய. போகலாம், ஆனால் இங்கிலீஷ் மாத்திரைப் பட்டியலை அங்கேயும் காட்டுங்கள். அங்கே தருவதை இங்கேயும் சொல்லுங்கள். சர்ப்பகந்தா என்கிற மூலிகை சேர்ந்த மருந்துகள் பிரஷரை நன்றாகவே இறக்கும். விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் வாங்குகிற 'பக்கவிளைவே இல்லாத' சூரணத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் அதைத் தொடவே வேண்டாம்.

திருச்செந்தூர் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறவர்கள், மேலப்பாளையத்தில் நோன்பு நோற்கிறவர்கள், தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒன்றுதான்: விரதம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் குடிக்காமல் நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுவது மயக்கத்தை விலைக்கு வாங்குவதுதான். வயிற்றுப்போக்கு, வாந்தி வந்த நாளிலும் அப்படியே. அந்த மாதிரி நாளில் எந்த மாத்திரையை நிறுத்திவைக்கலாம் என்று நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதன் மேல் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைத்துக் குடிக்கலாம். அரை டம்ளருக்கு அரைப் பாக்கெட் என்று கண்ணளவில் கலப்பது தப்பு.

உப்புப் போட்ட நீர்மோர் நல்லதுதான். இதய வீக்கமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு உப்பும் தண்ணீரும் அளவாகத்தான் இருக்கவேண்டும் என்பதால், அவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவர்கள் அதையும் தவிர்க்கவேண்டும்.

சாப்பாட்டுக்குப் பிறகும் பிரஷர் இறங்கும். கல்யாண வீட்டில் சொதி சாப்பாட்டை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவ எழுந்த தாத்தா தள்ளாடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே மூச்சில் நிறையச் சோறு சாப்பிடாமல் இரண்டு மூன்று தடவையாகப் பிரித்துச் சாப்பிட்டால் பாதி சரியாகிவிடும். காலையில் கட்டிலை விட்டு இறங்கும்முன் இரண்டு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்காரவேண்டும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது பழைய வழி, இப்போதும் மருத்துவர்கள் சொல்லுகிற வழி. பீடி சுற்றுகிற பெண்கள் தட்டை மடியில் வைத்து மணிக்கணக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டுச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். எழும்முன் காலை நீட்டி, பாதத்தை மேலும் கீழும் அசைத்துவிட்டு, சுவரைப் பிடித்து எழவேண்டும். ரத்தசோகை இருக்கிறதா என்றும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

குளுக்கோஸ் பாட்டில்

லோ பிரஷர் என்றாலே "ஒரு பாட்டில் ஏத்திட்டு வந்தா தெம்பாயிரும்" என்று கிளம்புகிறவர்கள் பலர். அந்த அரை லிட்டர் பாட்டிலில், ஐந்து சதவீத குளுக்கோஸ் என்றால், இருப்பது 25 கிராம் குளுக்கோஸ்தான். சலைன் என்றால் நாலரை கிராம் உப்பு. வாயால் குடிக்க முடிகிறவருக்கு இதை ஊசி வழியே ஏற்றக் காசு கொடுக்கவேண்டிய அவசியமே இல்லை. இதயம் பலவீனமானவருக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். கடும் வாந்தி பேதி, ரத்தப்போக்கு, காய்ச்சல் மயக்கம் என்றால் கதை வேறு. அப்போது பெரிய ஆஸ்பத்திரியில்தான் ஏற்றவேண்டும், தெருமுனைக் கிளினிக்கில் படுத்துக்கிடக்கக் கூடாது.

மாதாமாதம் இப்படி இரண்டு பாட்டில் ஏற்றுகிற குடும்பம் அதை நிறுத்தினாலே, ஒரு மாத மாத்திரைச் செலவு கையில் நிற்கும்.

காசு: எங்கே எது கிடைக்கும்

லோ பிரஷருக்கென்று தனி உதவித்தொகை எதுவும் கிடையாது. யாராவது 'வாங்கித் தருகிறேன்' என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உதவி எல்லாம் வேறு வேறு வாசல்கள் வழியாக வரும்.

முதல் வாசல் அரசு ஆஸ்பத்திரி. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து தாலுகா ஆஸ்பத்திரி, மேலே ஹைகிரவுண்டில் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். ஹைகிரவுண்டுக்குப் போவதென்றால் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுவிடவேண்டும். கூட்டம் இருக்கும், ஒரு நாள் போய்விடும், உண்மைதான். ஆனால் ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே வளாகத்தில் முடிகிறது. பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் இல்லை. சந்தேகம் கேட்க மட்டும் என்றால் அரசின் மருத்துவ உதவி எண் 104-க்குப் பேசலாம்.

வெளியே வாங்கவேண்டிய மாத்திரைக்கு மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடைகள், கூட்டுறவு மருந்தகங்கள், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்கள் இருக்கின்றன. கம்பெனிப் பெயரில் வாங்குவதைவிட இங்கே நிறையக் குறையும். சீட்டில் மருந்தின் பெயரையே எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள், கடையில் வேலை சுலபம். ஒரு எச்சரிக்கை: கடை மாறினால் பட்டையின் நிறம் மாறும், மாத்திரையின் வடிவமும் மாறும். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய பட்டையையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிற பெரியவர்கள் உண்டு. புதியது வந்த அன்றே பழையதை அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள்.

புதிய மாத்திரை என்றால் ஒரே தடவையில் ஒரு மாதத்துக்கு வாங்காதீர்கள். பத்து நாளுக்கு வாங்கி, ஒத்துக்கொள்கிறதா பார்த்துவிட்டு மீதியை வாங்கலாம். பட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் போய்விடும். "அண்ணாச்சி, தேதி இருக்கிற பக்கத்த எனக்குக் குடுங்க" என்று கேட்டு வாங்கவேண்டியது உங்கள் உரிமை. பில்லையும் கேளுங்கள். மருந்தில் குறை இருந்தால் பேச்சு நிலைக்க அதுதான் ஆதாரம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. அட்டை இருந்தால் மாத்திரைச் செலவெல்லாம் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. அது படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்கும், பட்டியலில் உள்ள சில பரிசோதனைகளுக்கும்தான். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை. லோ பிரஷருக்குக் காரணம் இதயத் துடிப்பு மெதுவாகப் போனது, பேஸ்மேக்கர் வைக்கவேண்டும் என்று சொன்னார்கள் என்றால் அப்போது இந்த அட்டைதான் கைகொடுக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கவேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்து தருவார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களுக்கு அது கொக்கிரகுளம். சங்கரன்கோவில், ஆலங்குளம், கடையநல்லூர்க்காரர்கள் 2019-இல் மாவட்டம் பிரிந்ததிலிருந்து தென்காசிக்குப் போகவேண்டும். பழைய நினைப்பில் கொக்கிரகுளம் வந்து திரும்பிப் போகிறவர்களை இன்னமும் பார்க்கலாம்.

தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது முதல் வேலையாகக் காப்பீட்டு மேசையில் அட்டையைக் கொடுங்கள். பணம் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டால் கிடைக்காது, இது பணமில்லாமல் செய்துகொள்கிற திட்டம். நகையை அடகு வைக்க ஓடுவதற்கு முன் இந்தச் சிகிச்சை அட்டையில் உண்டா என்று 1800 425 3993-இல் கேட்டுவிடுங்கள். இலவச எண்தான்.

வீட்டில் யாராவது கங்கைகொண்டான் சிப்காட்டிலோ, மில்லிலோ, ஜவுளிக்கடையிலோ வேலை பார்க்கிறார்களா? மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடித்தால், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அங்கே வைத்தியம் உண்டு. இதில் தினசரி மாத்திரையும் கிடைக்கும் என்பதுதான் பெரிய லாபம். பிடித்தம் நடக்கிறது, அட்டையில் அம்மா பெயரைச் சேர்க்கவில்லை என்று இருப்பவர்கள் உடனே சேருங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை வைத்திருக்கிற பெண்களுக்குத் தொழிலாளர் நல அமைப்பின் மருந்தகங்கள் இருக்கின்றன, முக்கூடலில் ஆஸ்பத்திரியே இருக்கிறது. கம்பெனியில் பாஸ்புத்தகம் இருந்தும் அடையாள அட்டை எடுக்காமல் இருப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

ஆதரவற்ற முதியவர் என்றால் முதியோர் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2023-இல் அது மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இ-சேவை மையத்தில் போடலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

விண்ணப்பம் எங்கேயாவது நகராமல் கிடந்தால், திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஒரே பக்கத்தில், எந்தத் தேதியில் எங்கே விண்ணப்பித்தீர்கள், விண்ணப்ப எண் என்ன என்று எழுதினால் போதும். நோயாளியை வெயிலில் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வைக்கவேண்டாம், வீட்டில் ஒருவர் போகலாம். ரேஷன் கார்டு, ஆதார், டாக்டர் சீட்டு ஆகியவற்றின் நகலை மட்டும் இணையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். மனு எண் போட்ட ரசீதைக் கையில் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.